இரு கால்களுக்கும் 14 சதவீத வித்தியாசம் இருந்தால் என் மகள் கால்பந்து ஆடலாமா?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. வியாசர்பாடியில் வசிக்கிறீர்கள், மகளுக்கு 15 வயது, வலது காலால் உதைப்பவள், பள்ளி அணியிலும் பகுதி அணியிலும் வலது விங்கில், அதாவது மைதானத்தின் வலது ஓரத்தில், ஆடுகிறாள். கோடை முகாமில் அவளுடைய கோச் எல்லாப் பெண்களையும் ஒற்றைக் காலில் முன்னோக்கித் தாவச் சொல்லி டேப்பால் அளந்தபோது, உங்கள் மகள் வலது காலில் 152 செ.மீ., இடது காலில் 131 செ.மீ. தாவியிருக்கிறாள். வித்தியாசம் 14 சதவீதம் என்றும், அதனால்தான் பந்துக்கு அரை அடி தாமதமாகப் போய்ச் சேருகிறாள் என்றும், இப்படியே விட்டால் முழங்கால் லிகமெண்ட் (எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்) கிழிந்துவிடும் என்றும், மூன்று மாதம் இடது காலுக்கு மட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் கோச் சொல்லியிருக்கிறார். இது உண்மையா, அதுவரை ஆட்டத்தை நிறுத்த வேண்டுமா என்று கேட்கிறீர்கள். ஒரு நாள் காலையில் டேப்பால் அளந்த ஒரே ஓர் எண்ணை நம்பி ஒரு பெண்ணின் ஆட்டத்தையும் பயிற்சியையும் தீர்மானிக்கலாமா என்பதே இதற்குள் இருக்கும் கேள்வி என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் விளையாட்டுத் துறையில் வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட். வடசென்னையில் பெண் பிள்ளைகளின் கால்பந்து அணிகளோடு பல ஆண்டுகளாகப் பழகி வருகிறேன். உங்கள் மகளை நான் நேரில் பார்க்கவில்லை, அவள் முழங்காலைத் தொட்டுப் பரிசோதிக்கவில்லை என்பதால், கீழே சொல்வதைப் பொதுவான வழிகாட்டலாக மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வலி, வீக்கம், பழைய காயம் எதுவும் இல்லையென்றால் ஆட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை, இடது காலுக்கு மட்டும் பயிற்சி கொடுப்பதும் சரியான வழி இல்லை, ஆனால் கோச் கவனித்த விஷயத்தை அலட்சியமாகத் தள்ளிவிடவும் கூடாது. ஏன் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த 14 எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். பெரிய அளவிலிருந்து சிறிய அளவைக் கழித்து, மீதியைப் பெரிய அளவால் வகுத்தால் வருவது அது: 152-இல் 131 போக 21, 21-ஐ 152-ஆல் வகுத்தால் 13.8 சதவீதம். கணக்கு சரி. ஆனால் ஒவ்வொரு காலிலும் எத்தனை முறை தாவினாள்? ஒரே பெண் ஒரே காலில் அடுத்தடுத்து மூன்று முறை தாவினாலே அளவுகள் ஒன்றுபோல வராது. நன்கு பழகியவர்களிடமே சில சதவீதம் ஏறி இறங்கும், முதல் முறை தாவும் பிள்ளைகளிடம் அது இன்னும் அதிகம். அவள் இடது காலில் 131, 124, 138 என்று தாவியிருந்தால் அந்த ஒரு காலுக்குள்ளேயே 14 செ.மீ. ஏற்ற இறக்கம் இருக்கிறது, அப்போது இரு கால்களுக்கும் இடையிலான 21 செ.மீ. என்பது முதலில் தோன்றிய அளவுக்குப் பெரிய விஷயம் ஆகாது. மாறாக, இடது கால் மூன்று முறையும் 130-ஐ ஒட்டியும் வலது கால் மூன்று முறையும் 150-ஐ ஒட்டியும் இருந்தால், வித்தியாசம் மெய்யானது என்று நான் நம்பத் தொடங்குவேன். கைகளை வீசித் தாவினாளா, இடுப்பில் வைத்துக்கொண்டாளா, இறங்கிய பிறகு தடுமாறாமல் நின்றாளா, ஷூ போட்டிருந்தாளா, வார்ம்-அப் முடிந்திருந்ததா, எந்தக் காலை முதலில் அளந்தார்கள் என்ற ஒவ்வொன்றும் அளவை மாற்றும். இந்தச் சோதனையில் பிள்ளைகள் தாவத் தாவக் கற்றுக்கொள்கிறார்கள். ஆகவே முதலில் அளக்கப்பட்ட கால் பெரும்பாலும் நஷ்டப்படும். நம் பக்கத்து மைதானங்களில் தரையும் ஒரு காரணம்: ஒரு ஓரம் சிமெண்டுபோல இறுகிக் கிடக்கும், இன்னொரு ஓரம் மணலாகக் கிடக்கும்.

ஆகவே முதல் வேலை, மறுபடி அளப்பது. பதினைந்து நிமிட வார்ம்-அப்புக்குப் பிறகு, சமமான தரையில், கைகளை இடுப்பில் வைத்தபடி, ஒவ்வொரு காலிலும் இரண்டு முறை பழகிப் பார்த்துவிட்டு, இடதும் வலதும் மாற்றி மாற்றி மூன்று மூன்று முறை அளக்க வேண்டும். ஒவ்வொரு தாவலுக்கும் இடையே அரை நிமிடமாவது ஓய்வு; இறங்கிய காலில் இரண்டு விநாடி அசையாமல் நின்றால் மட்டுமே கணக்கு. மூன்றின் சராசரியை எடுத்து, வேறொரு நாளில் இன்னொரு முறையும் அளந்து பார்த்தால், உங்கள் கையில் இருப்பது ஓர் உருப்படியான தகவல்.

அப்படி அளந்தாலும் அது தசை பலத்தின் அளவு மட்டுமல்ல. முன்னோக்கித் தாவும்போது இடுப்பு, முழங்கால், கணுக்கால், பாதம் என்று எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. அதோடு ஒற்றைக் காலில் இறங்கும் துணிச்சலும் சேர்கிறது. சென்ற ஆண்டு இடது கணுக்கால் பிசகிய ஒரு பெண், தசையில் குறை எதுவும் இல்லாமலேயே அந்தக் காலில் குறைவாகத் தாவுவாள், ஏனென்றால் இறங்குவதற்கு மனம் ஒப்பாது. தசையின் பலத்தைத் தனியாக அளக்க ஐசோகைனெடிக் எந்திரம் இருக்கிறது: நாற்காலியில் உட்கார்த்தி, காலைப் பட்டையால் கட்டி, குறிப்பிட்ட வேகத்தில் முழங்காலை நீட்டவும் மடக்கவும் வைத்து, தொடையின் முன் தசையும் பின் தசையும் எவ்வளவு விசை கொடுக்கின்றன என்று கணக்கிடும். பெரிய விளையாட்டு மருத்துவ மையங்களில் அது உண்டு. உங்கள் மகளுக்கு இப்போதே அது தேவை என்று நான் சொல்லமாட்டேன். அடிபட்டு அறுவை சிகிச்சை முடிந்து திரும்புகிறவர்களுக்குத்தான் அந்தச் செலவுக்கு அர்த்தம் இருக்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, இதைப் பல கோச்சுகள் அறிந்திருப்பதில்லை. முன்னோக்கித் தாவும்போது வலது கால் மேலாக இருக்கும் அதே பெண், மேல்நோக்கிக் குதிக்கும்போது இடது காலில் மேலாக இருக்கலாம்; ஓடிப்போய்த் திரும்பும் சோதனையில் வேறொரு முடிவு வரலாம். ஒரு சோதனையில் எந்தக் கால் பின்தங்குகிறதோ அதே கால் மற்றொன்றிலும் பின்தங்கும் என்று எதிர்பார்க்க முடியாது என்பது இளம் வீரர்களையும் வீராங்கனைகளையும் வைத்து நடந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிய வந்திருக்கிறது. கால்பந்தின் இயல்பே அப்படி. வலது காலால் உதைக்கும் பெண்ணுக்கு இடது கால்தான் ஊன்றும் கால்: ஒவ்வொரு உதையிலும் முழங்கால் சற்று மடங்கிய நிலையில் முழு உடலையும் தாங்கி, இடுப்பைச் சரியாமல் பிடித்து நிற்பது அதுவே. வலது கால் வீசுகிறது, பந்தை நிறுத்துகிறது, உட்பாதத்தால் தள்ளுகிறது. இரண்டுக்கும் வேறு வேறு வேலை என்பதால் வேறு வேறு பலம் வளர்வது இயற்கை. எப்போதும் வலது விங்கில் ஆடுகிறவள் எப்போதும் ஒரே பக்கம் திரும்பி, ஒரே காலை ஊன்றி கிராஸ் போடுகிறாள் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் பந்தை அனுப்புகிறாள்) என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே ஒரு தாவலை வைத்து "இடது கால் பலவீனம்" என்று அவள் மேல் முத்திரை குத்திவிட்டால், அந்த முத்திரை காலைவிட மனதில்தான் நீண்ட நாள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இனி, வேகத்தைப் பற்றி. இரு கால் வித்தியாசம் ஆட்டத்தை மந்தமாக்குகிறதா என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 19 இளம் வீராங்கனைகளிடம் செய்யப்பட்ட ஓர் ஆய்வில், ஒற்றைக் காலில் மேல்நோக்கிக் குதிக்கும்போது இரு கால்களுக்கும் இடையே சராசரியாக 12 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தது. அந்த வித்தியாசம் அதிகமாக இருந்தவர்கள் குறுந்தூர ஓட்டத்தில் சற்று மெதுவாக இருந்தார்கள். வேறு ஆய்வுகளில் அப்படி எந்தத் தொடர்பும் தென்படவில்லை. கவனியுங்கள், அந்தச் சராசரியே 12-ஐத் தாண்டுகிறது. அதாவது நன்றாக ஆடும் பெண்களிடமும் இந்த அளவு வித்தியாசம் சாதாரணம். தொடர்பு தென்பட்ட இடத்திலும் எது எதற்குக் காரணம் என்பது தெளிவில்லை: ஒரு கால் பலவீனமாக இருக்கும் பெண்ணுக்கு மொத்தப் பலமும் குறைவாக இருக்கலாம், அவள் மெதுவாக ஓடுவது அந்தக் குறையால் இருக்கலாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பெண் இரு கால்களிலும் 130 செ.மீ. தாவுகிறாள், வித்தியாசம் பூஜ்யம். இன்னொருத்தி ஒரு காலில் 165, மறு காலில் 145 தாவுகிறாள். வித்தியாசம் 12 சதவீதம். இருவரும் ஒரே எடை, ஒரே உயரம் என்றால், பத்து மீட்டர் ஓட்டத்தில் நான் இரண்டாமவள் மேல்தான் நம்பிக்கை வைப்பேன், ஏனென்றால் அவளுடைய பலவீனமான காலே முதல் பெண்ணின் இரு கால்களையும்விட அதிகம் தள்ளுகிறது. சதவீதம் மட்டும் எழுதப்பட்ட நோட்டுப் புத்தகத்தில் முதல் பெண் நன்றாக இருக்கிறாள், இரண்டாமவள் ஆபத்தில் இருக்கிறாள். பயிற்சி கொடுக்கும் ஒருவர் முதலில் பார்க்க வேண்டியது பின்தங்கிய கால் தன்னளவில் எவ்வளவு தள்ளுகிறது என்பதை. இரு கால்களின் விகிதம் அதற்குப் பிறகுதான்.

பந்துக்குத் தாமதமாகப் போகிறாள் என்பதற்கு இடது காலைத் தவிர வேறு பல காரணங்கள் இருக்க முடியும். பந்து எங்கே விழும் என்பதை முன்கூட்டியே படிப்பது, நின்ற இடத்திலிருந்து எடுக்கும் முதல் மூன்று அடிகள், இரண்டாம் பாதியின் களைப்பு என்று ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். முதல் பத்து நிமிடத்திலும் தாமதமா, கடைசி இருபது நிமிடத்தில் மட்டும் தாமதமா என்று கவனியுங்கள். களைத்த பிறகுதான் தாமதம் என்றால், காலை விட்டுவிட்டு முதலில் ரத்தத்தைப் பாருங்கள். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம். காலையில் டீயும் இரண்டு பிஸ்கட்டும் மட்டும் சாப்பிட்டுவிட்டு ஆறு மணிக்கு மைதானத்துக்கு வரும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் எந்தத் தாவலை அளந்தாலும் அதில் காலின் கதை பாதிதான் இருக்கும்.

லிகமெண்ட் கிழியும் என்ற பயத்துக்கு வருகிறேன். இதில் உறுதியாகத் தெரிந்ததும் உறுதியில்லாததும் கலந்து பேசப்படுவதால் நிதானமாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். முழங்கால் மூட்டுக்குள்ளே, முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமல் பிடித்துவைக்கும் ஏசிஎல் என்ற தசைநார் இருக்கிறது. கால்பந்தில் அது கிழியும் வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம் என்பதும், பதின்ம வயதின் நடுப்பகுதியிலிருந்து அந்த வாய்ப்பு ஏறுகிறது என்பதும் உறுதியானவை. பெரும்பாலும் யாரும் இடிக்காமலேயே அது நடக்கிறது: எதிராளியை மறிக்க ஓடித் திடீரென்று திரும்பும்போது, வேகத்தைச் சட்டென்று குறைக்கும்போது, தலையால் முட்டிவிட்டு ஒற்றைக் காலில் இறங்கும்போது. பெண் பிள்ளைகள் வேகமாக உயரும் பருவம் சராசரியாகப் பன்னிரண்டு வயதை ஒட்டி வருகிறது. எலும்பு நீள்கிறது, எடை ஏறுகிறது. ஆனால் ஆண் பிள்ளைகளுக்கு அந்தப் பருவத்தோடு தானாக வரும் தசை பலம் பெண்களுக்கு அதே அளவு வருவதில்லை. அதனால் இறங்கும்போது முழங்கால் உட்பக்கமாகச் சாய்கிறது, தொடையின் முன் தசையே எல்லா வேலையையும் செய்கிறது, பின் தசை பின்தங்குகிறது, உடல் ஒரு பக்கம் சாய்கிறது. இரு கால்களுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வும் இந்தப் பட்டியலில் ஒன்றாகச் சேர்க்கப்படுகிறது. ஒன்றாக மட்டுமே, முதன்மையானதாக அல்ல.

பத்து, பதினைந்து சதவீதம் என்ற எல்லைகள் எங்கிருந்து வந்தன? 1991-இல் அமெரிக்காவில் 138 கல்லூரி வீராங்கனைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், வலது முழங்காலை மடக்கும் தசை இடதைவிட 15 சதவீதத்துக்கு மேல் பலமாக இருந்தவர்களுக்குக் காயம் அதிகம் ஏற்பட்டது. அந்த 15 அங்கிருந்து பயிற்சி முகாம்களுக்குப் பரவியது. பத்து என்பது பெரும்பாலும் ஏசிஎல் அறுவை சிகிச்சை முடிந்து ஆட்டத்துக்குத் திரும்புகிறவர்களுக்கான அளவுகோல்: அடிபட்ட கால் அடிபடாத காலின் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும் என்பது. முதலாவது எந்திரத்தில் உட்கார்த்தி அளந்தது, வயதில் மூத்தவர்களிடம், பல விளையாட்டுகளைச் சேர்த்து, இரண்டாவது காயம்பட்டவர்களுக்கானது. காயமே இல்லாத 15 வயதுப் பெண்ணை மைதானத்தில் ஒரு நாள் தாவவைத்து அளந்து, 14 என்றால் ஆபத்து, 9 என்றால் பாதுகாப்பு என்று சொல்ல இந்த இரண்டும் போதாது. பின்னர் வந்த ஆய்வுகளும், இந்தச் சோதனைகளைக் கொண்டு யாருக்குக் கிழியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை என்றே காட்டுகின்றன. மாதவிடாய்ச் சுழற்சியின் எந்த நாளில் ஆபத்து அதிகம் என்பது பற்றியும் நிறையப் பேசப்படுகிறது. அந்த அடிப்படையில் பயிற்சியை மாற்றும் அளவுக்குத் தெளிவு இன்னும் வரவில்லை.

ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் மகளுக்கு இடது கணுக்காலோ முழங்காலோ முன்பு எப்போதாவது பிசகியிருந்தால், வீங்கியிருந்தால், சில வாரம் ஆடாமல் இருந்திருந்தால், அந்த 14-க்கு முற்றிலும் வேறு பொருள். பழைய காயம் முழுதாக ஆறாத காலில் உள்ள வித்தியாசம் கவலைப்பட வேண்டியது. அடுத்த காயத்துக்கு முன்னறிகுறியாக, மற்ற எல்லாவற்றையும்விட நம்பத் தகுந்தது பழைய காயம்தான். பிள்ளைகள் இதை மறைப்பார்கள். சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. கோச் முன்னால் கேட்காமல் வீட்டில் அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

காயத்தைக் குறைப்பது எது என்பதில் மட்டும் நம்மிடம் உறுதியான சான்று இருக்கிறது, அதுவும் உங்கள் மகளின் வயதுப் பெண்களிடமிருந்தே. சுவீடனில் 12 முதல் 17 வயது வரையான 4,564 பெண் கால்பந்து வீராங்கனைகளைக் கொண்டு நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், வாரம் இருமுறை பதினைந்து நிமிடம் முழங்கால் கட்டுப்பாட்டுப் பயிற்சியோடு வார்ம்-அப் செய்த அணிகளில் ஏசிஎல் காயம் 64 சதவீதம் குறைந்தது. எண்ணிக்கையில் பார்த்தால் பயிற்சி செய்த பக்கம் 7 பேருக்கும் செய்யாத பக்கம் 14 பேருக்கும் ஏசிஎல் கிழிந்தது; இரு பக்கமும் ஆடியவர்களின் எண்ணிக்கை ஒன்றல்ல என்பதால்தான் 64 சதவீதம் என்பது சரிபாதியாக இல்லை. சதவீதம் பெரிதாகத் தெரிந்தாலும் எண்கள் சிறியவை என்பதை மறைக்கத் தேவையில்லை. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையான 1,892 பெண்களிடம் செய்யப்பட்ட, 2008-இல் வெளியான ஆய்வில், இப்போது ஃபிஃபா 11+ என்று அறியப்படும் வார்ம்-அப்பைச் செய்தவர்களிடம் கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. இந்த இரண்டிலும் யாரும் முதலில் இரு கால்களையும் அளந்து, பலவீனமான காலுக்குத் தனிப் பயிற்சி கொடுக்கவில்லை. எல்லாப் பெண்களும் இரு கால்களுக்கும் ஒரே பயிற்சியைத்தான் செய்தார்கள். உங்கள் கோச்சிடம் காட்டுவதற்கு இதைவிட வலுவான வாதம் என்னிடம் இல்லை.

11+ என்பது இருபது நிமிடம் பிடிக்கும். மெல்லோட்டம், பிறகு பலமும் சமநிலையும் குதித்தலும், கடைசியில் வேக ஓட்டமும் திரும்புதலும் என மூன்று பகுதிகளில் 15 பயிற்சிகள். எந்திரமோ எடையோ வேண்டாம். ஆனால் அடிக்கடி, சரியான முறையில் செய்த அணிகளுக்குத்தான் பலன் கிடைத்தது. நம் பகுதியில் தடையாக இருப்பது இதுதான். ஒரே மைதானத்தில் கிரிக்கெட்டும் பையன்களின் கால்பந்தும் நடைப்பயிற்சிக்காரர்களும் இருக்க, பெண்கள் அணிக்கு ஒதுக்கப்படுவது பெரும்பாலும் மிச்சமிருக்கும் ஒரு மணி நேரம். அதில் இருபது நிமிடத்தை வார்ம்-அப்புக்குக் கொடுக்கக் கோச்சுகளுக்கு மனம் வருவதில்லை. இரண்டு சுற்று ஓடிவிட்டு நேராக ஷூட்டிங் பயிற்சிக்குப் போய்விடுகிறார்கள். முறையாக வார்ம்-அப் செய்யாத அணியில் இரு கால் வித்தியாசத்தை அளந்து கவலைப்படுவது, கூரை ஒழுகும் வீட்டில் சுவரின் நிறத்தைப் பற்றி யோசிப்பது போலத்தான்.

இடது காலுக்கு மட்டும் பயிற்சி என்ற யோசனையை நான் ஏற்காததற்கு இன்னொரு காரணம், மூன்று மாதம் வலது காலை வளர்க்காமல் விடுவது 15 வயதில் பெரும் நஷ்டம். இரு கால்களுக்கும் ஒற்றைக்கால் பயிற்சி கொடுங்கள். ஒவ்வொன்றையும் இடது காலில் தொடங்கி, இடது கால் எத்தனை முறை சுத்தமாகச் செய்ததோ அத்தனை முறை மட்டும் வலது காலிலும் செய்யவையுங்கள். முடிவில் இடது காலுக்கு ஒரு சுற்று கூடுதலாகக் கொடுக்கலாம். வாரியக் குடியிருப்பின் படிக்கட்டே போதுமான உபகரணம். படியில் ஒரு காலை வைத்து, கீழ்க் காலால் உந்தாமல் மேலே ஏறி, மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாக இறங்குவது ஒன்று. பின் காலைப் படியில் வைத்து, முன் காலை மடக்கி உட்கார்ந்து எழுவது ஒன்று. ஒற்றைக் காலில் நின்று, முதுகை நேராக வைத்தபடி இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து நிமிர்வது ஒன்று. இது தொடையின் பின் தசைக்கும் இடுப்புக்கும். பிறகு நார்டிக்: பாயில் முட்டி போட்டு, தங்கையோ தோழியோ கணுக்கால்களை அழுத்திப் பிடித்திருக்க, உடலைக் கட்டையாக வைத்து முடிந்தவரை மெதுவாக முன்னால் சாய்வது. முதல் வாரத்தில் இதை நான்கைந்து முறைக்கு மேல் செய்யக் கூடாது. அடுத்த நாள் உட்காரவே முடியாது. ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்துவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவற்றை எட்டிலிருந்து பத்து முறை, இரண்டு அல்லது மூன்று சுற்று, வாரத்தில் இரண்டு நாள் செய்தால் போதும். மேட்சுக்கு முந்தைய நாள் வேண்டாம். எளிதானதும் பள்ளிப் பையில் புத்தகங்களைப் போட்டு மாட்டிக்கொள்ளலாம். எடை தூக்கினால் உயரம் வளராது என்றும் உடல் ஆண்பிள்ளைபோல ஆகிவிடும் என்றும் வீடுகளில் சொல்வார்கள்; மேற்பார்வையோடு செய்யும் பலப் பயிற்சியில் இந்த இரண்டும் நடப்பதில்லை. இவற்றோடு, ஒரு படி உயரத்திலிருந்து ஒற்றைக் காலில் இறங்கி மூன்று விநாடி அசையாமல் நிற்கப் பழக்குங்கள். செல்போனில் முன்பக்கமிருந்து ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள்: முழங்கால் பாதத்துக்கு நேராக நிற்கிறதா, கட்டைவிரலைத் தாண்டி உள்ளே சரிகிறதா? இந்த ஒரு வீடியோ, டேப் அளவைவிட எனக்கு அதிகம் சொல்லும். இரண்டு காலிலும் உள்ளே சரிந்தால், வித்தியாசம் பூஜ்யம் என்றாலும் நான் கவலைப்படுவேன்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முழங்கால் வீங்குவது, திடீரென்று மாட்டிக்கொள்வது, நடக்கும்போது நழுவுவதுபோல் விட்டுக்கொடுப்பது, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு மேட்டிலோ குதிகாலிலோ தொட்டால் வலிப்பது, ஒரு தொடை கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருப்பது, மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமல் இருப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் பயிற்சிக்கு முன் பரிசோதனை அவசியம். ஆட்டத்தில் "டப்" என்ற சத்தத்தோடு முழங்கால் மடங்கி, சில மணி நேரத்துக்குள் வீங்கினால், புத்தூர் கட்டுப் போட்டு மூன்று வாரம் காத்திருக்காமல் ஸ்டான்லி மருத்துவமனையின் எலும்பியல் பிரிவுக்கோ உங்களுக்குப் பக்கத்திலுள்ள எலும்பு மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். வீக்கம் வடிந்ததும் நடக்க முடிகிறது என்பதால் தசைநார் முழுதாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

கோச்சோடு வாதாடப் போகாதீர்கள். நம் பகுதியில் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுப்பவர்களில் பலர் தாமே ஆடியவர்கள், கூலியில்லாமல் நேரம் கொடுப்பவர்கள். இவர் டேப்பை எடுத்து அளந்து எழுதிவைத்திருக்கிறார், அதுவே நல்ல தொடக்கம். மேலே சொன்ன முறையில் மறுபடி அளக்கவும், மேல்நோக்கிக் குதிக்கும் சோதனை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளவும், வார்ம்-அப்பை அணி முழுவதற்கும் கொண்டுவரவும் கேளுங்கள். எட்டு முதல் பத்து வாரம் கழித்து அளக்கும்போது இடது கால் 145-க்கும் வலது கால் 158-க்கும் போயிருந்தால் வித்தியாசம் 8 சதவீதமாகக் குறைந்திருக்கும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் இடது 142-க்கும் வலது 165-க்கும் போயிருந்தால் வித்தியாசம் அதே 14 சதவீதமாகவே நிற்கும். அதைத் தோல்வி என்று எழுதவிடாதீர்கள், ஏனென்றால் அவளுடைய பின்தங்கிய கால் 11 செ.மீ. முன்னேறியிருக்கிறது, அந்தப் பெண்ணை வெளியே உட்காரவைக்க எந்தக் காரணமும் இல்லை. வலது கால் ஏறியும் இடது கால் 131-லேயே நின்றுவிட்டால், அல்லது அதற்கும் கீழே இறங்கினால், அப்போது சதவீதத்தை விட்டுவிட்டு, அந்தக் காலில் எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடிக்கக்கூடிய ஒருவரிடம் அவளை அழைத்துப் போங்கள்.